காட்டுக் குரங்கின் உடலில் கட்டி: புற்றுநோயைக் கண்டறிதலும் மருத்துவமும்

கொரில்லா, சிம்பன்சி போன்ற மனிதக் குரங்குகள் குமரி மாவட்டக் காடுகளில் இல்லை; பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் நாம் பெரும்பாலும் காண்பவை நாட்டுக்குரங்கும் கருங்குரங்கும்தான். ஆயினும் மனிதக் குரங்குகளிடம் கடைப்பிடிக்கப்படும் மருத்துவ முறையே இவற்றுக்கும் பொருந்தும்.

கட்டியாகத் தெரிவதெல்லாம் புற்றன்று. அயினிப் பழத்தை அவசரமாகத் தின்ற நாட்டுக்குரங்கின் கழுத்தோரம் புடைத்திருப்பது பெரும்பாலும் கன்னப்பையே. சற்றுப் பொறுத்திருந்தால், அது புறங்கையால் பையை அழுத்தி உணவை வாய்க்குள் தள்ளுவதையும் புடைப்பு வற்றுவதையும் பார்க்கலாம். கருங்குரங்குக்குக் கன்னப்பை கிடையாது. ஆகவே அதன் தாடையோர வீக்கத்தை அலட்சியம் செய்யலாகாது. கடிபட்ட இடத்துச் சீழ்க்கட்டி நாளடைவில் உடைந்து ஒழுகும். காசநோயாலும் நிணநீர்க் கணுக்கள் வீங்கும். வாரக்கணக்கில் வற்றாமல் பெருத்து, மேல்தோல் புண்ணாகி, விலங்கும் மெலிந்து கூட்டத்தில் பின்தங்கினால் புற்றுநோயோ என ஐயுறலாம். வாரம் ஒருமுறை ஒரே பக்கத்திலிருந்து படமெடுத்து, தேதியும் இடமும் குறித்து வனத்துறையிடம் கொடுங்கள். பழம் காட்டி அருகே அழைக்க வேண்டாம்.

உறுதி செய்ய வல்லது திசுப் பரிசோதனை ஒன்றே. உரிய அனுமதி பெற்றபின் கால்நடை மருத்துவர் மயக்க ஊசி எய்வார். உயரக் கிளையில் இருக்கும்போது எய்தால் நோய்க்கு முன் வீழ்ச்சியே கொன்றுவிடும் என்பதால், தாழ்ந்த இடத்தில் வலை பிடித்துக்கொண்டே எய்ய வேண்டும். பரிசோதனைக்காகக் கட்டியிலிருந்து வெட்டியெடுக்கும் துண்டு ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மிகாமல், அதைப்போல் 10 மடங்கு அளவுள்ள 10 சதவீத ஃபார்மலின் என்னும், திசுவைக் கெடாமல் காக்கும் திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டும். உறையவைத்தால் திசு பாழாகும்.

வேதிச்சிகிச்சைக்கு (கீமோதெரபி) மீண்டும் மீண்டும் பிடிக்க வேண்டியிருப்பதால், காட்டில் அது நடவாத காரியம். பரவாத, தோலோடு நகரும் தனிக் கட்டியை ஒரே தடவையில் அகற்றலாம். வெளியே தெரியும் தையல் முடிச்சைக் குரங்கின் விரல் விட்டுவைக்காது. ஆகையால் கரையும் நூலால் தோலுக்கடியில் தைப்பதே நல்லது. மயக்கம் முற்றும் தெளிந்தபின், கூட்டம் அருகிலிருக்கும்போதே, குரங்கை எங்கே பிடித்தோமோ அங்கேயே விட வேண்டும். மலைக் கொரில்லாக்களிடம்கூட உயிருக்கு ஆபத்து நேரும்போதோ மனிதரால் தீங்கு விளைந்தபோதோதான் மருத்துவர்கள் தலையிடுகிறார்கள். பிற வேளைகளில் கவனிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் மலைகளுக்கும் அந்த வரம்பே தகும் என்பது என் கருத்து.

இறந்த குரங்கைத் தொடாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்ணிகளால் பரவும் குரங்குக் காய்ச்சல் (கியாசனூர் காட்டு நோய்) அபாயமும் உண்டு. இந்த வெப்பத்தில் உடல் விரைவில் அழுகிவிடும் என்பதால் உடனே தகவல் சொல்லி, பிணக்கூறாய்வில் கட்டியோடு நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் துண்டுகளையும் எடுத்துவைக்கும்படி கேளுங்கள்.