பன்றி இறைச்சி ஏற்றுமதியை ஆராய்வது எப்படி? பிரேசிலின் ஒரு சின்ன மாநிலத்தை வைத்துப் படிப்படியாக

இறைச்சி ஏற்றுமதி என்றதும் எல்லோரும் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கிலோ என்ன விலை, டாலர் என்ன மதிப்பு, யார் மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றே பேச்சு போகும். பன்றி இறைச்சியில் நான் விலையைக் கடைசியில்தான் பார்ப்பேன். உலகத்திலேயே மலிவான சரக்கு கையில் இருக்கலாம். வாங்கும் நாட்டின் கால்நடைத் துறை "உங்கள் ஊரில் நோய் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் விலைப் பேச்சுக்கே இடமில்லை.

வேளாண் வணிகம் படிப்பவர்கள், ஏற்றுமதித் தொழிலில் இறங்கலாமா என்று யோசிப்பவர்கள், சரக்குச் சந்தைச் செய்திகளைப் பின்தொடர்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஒரு நாட்டின் பன்றி இறைச்சி ஏற்றுமதி ஏன் வளர்கிறது, எங்கே மாட்டிக்கொள்ளும் என்பதை நீங்களே கண்டுபிடிக்கும் முறை இது. எடுத்துக்காட்டுக்கு தெற்கு பிரேசிலில் இருக்கும் சாண்டா கத்தரினா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். பிரேசிலின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் அந்த மாநிலம். ஆனால் நாட்டின் பன்றி இறைச்சி ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போகிறது. 2018-இல் சுமார் 6.5 லட்சம் டன்னாக இருந்த பிரேசிலின் ஏற்றுமதி 2024-இல் 13.5 லட்சம் டன்னைத் தொட்டது. ஆறே ஆண்டில் இரண்டு மடங்கு.

இணைய இணைப்பும் ஓர் எக்செல் தாளும் போதும், தொடங்கலாம்.

படி 1: சரக்கின் எண்ணைப் பிடியுங்கள்

உலக வணிகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எச்.எஸ். குறியீடு உண்டு. பச்சையாகவோ, குளிரூட்டியோ, உறையவைத்தோ போகும் பன்றி இறைச்சிக்கு 0203. உப்பிட்ட, புகையூட்டிய இறைச்சிக்கு 0210. சாசேஜுக்கு 1601. உயிருள்ள பன்றிக்கு 0103. ஐ.நா.வின் காம்ட்ரேட், டிரேட் மேப் ஆகிய தளங்களில் இந்த எண்ணைக் கொடுத்தால் யார் யாருக்கு எவ்வளவு விற்றார்கள் என்பது வந்துவிடும். பிரேசிலுக்கு அந்நாட்டு அரசின் 'கோமெக்ஸ் ஸ்டாட்' தளம் இன்னும் நல்லது. மாநில வாரியாகவே பிரித்துக் கொடுக்கும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 0203-ஐ மட்டும் பார்த்துவிட்டு 0206-ஐ விட்டுவிடாதீர்கள். ஈரல், காது, கால் போன்றவை எல்லாம் 0206-இல்தான் இருக்கின்றன. சீனாவுக்குப் போகும் சரக்கில் அது பெரும் பங்கு. அடுத்தது எடைக் கணக்கு. அமெரிக்க வேளாண் துறை வெளியிடும் எண்கள் முழு உடல் எடைக்கு மாற்றிய கணக்கு. பிரேசிலின் தொழில் சங்கமான ஏ.பி.பி.ஏ. கப்பலில் ஏறிய எடையை அப்படியே சொல்கிறது. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் கூட்டல் ஒருநாளும் ஒத்துவராது.

படி 2: நோய் வரைபடத்தை வரையுங்கள்

ஆராய்ச்சியின் முக்கால் பங்கு இங்கேதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

பார்க்கவேண்டிய நோய்கள் மூன்று: கோமாரி, பன்றிக் காய்ச்சல் (மனிதருக்கு வரும் எச்1என்1 அல்ல, பன்றிகளுக்கு மட்டும் வருவது), ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். முதல் இரண்டும் ஒரு நாட்டில் இல்லை என்று உலக விலங்கு நல அமைப்பு அதிகாரப்பூர்வமாக அங்கீகாரம் தருகிறது. மூன்றாவதற்கு அப்படி இல்லை, அந்தந்த நாடே அறிவித்துக்கொள்ள வேண்டும். நம்புவதும் நம்பாததும் வாங்குபவர் பாடு.

சாண்டா கத்தரினாவில் கடைசியாகக் கோமாரி வந்தது 1993-இல். 2000-இல் தடுப்பூசி போடுவதையே நிறுத்தினார்கள். தடுப்பூசி போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஊசி போட்டுக்கொண்டே 'எங்களிடம் நோய் இல்லை' என்று சொல்பவரைவிட, ஊசியே இல்லாமல் சொல்பவரை ஜப்பானும் தென்கொரியாவும் அதிகம் நம்பின. ஊசி இல்லாத மந்தை பாதுகாப்பற்ற மந்தை, அதனால் மாநில எல்லையில் சோதனைச் சாவடிகள் போட்டு, மற்ற மாநிலங்களின் மாடுகள் உள்ளே வராமல் தடுத்தார்கள். மாநிலத்தில் இருந்த மாடுகளுக்கெல்லாம் காதில் அடையாள வில்லை மாட்டினார்கள். பன்றி விற்பதற்காக மாட்டைக் கட்டிக் காத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கோமாரி குளம்பு பிளந்த எல்லா விலங்குக்கும் வரும். 2007 மே மாதம் 'தடுப்பூசி இன்றிக் கோமாரி அற்ற பகுதி' என்ற அங்கீகாரம் அந்த ஒரு மாநிலத்துக்கு மட்டும் கிடைத்தது. பிரேசிலின் வேறெந்த மாநிலமும் 2021 வரை அந்த நிலைக்கு வரவில்லை. முழு பிரேசிலுக்கும் அது கிடைத்தது 2025 மே மாதத்தில்தான்.

எதிர்ப்பக்கம் பார்க்க ஜெர்மனிக்கு வாருங்கள். 2020 செப்டம்பர் 10 அன்று பிராண்டன்பர்க் மாநிலத்தில் செத்துக் கிடந்த ஒரு காட்டுப்பன்றிக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது. பண்ணைகளில் ஒரு பன்றிக்குக்கூட இல்லை. ஆனாலும் சீனா, தென்கொரியா, ஜப்பான் மூன்றும் கதவைச் சாத்தின. ஜெர்மன் பண்ணை விலை கிலோவுக்கு 1.47 யூரோவிலிருந்து ஒரே தாவாக 1.27-க்கு இறங்கியது. 2025 ஜனவரியில் அதே பிராண்டன்பர்க்கில் நீர் எருமைகளுக்குக் கோமாரி வந்தபோது ஐரோப்பாவுக்கு வெளியே போகவேண்டிய பன்றி இறைச்சியும் நின்றது. எருமைக்கு வந்த நோய்க்குப் பன்றி வியாபாரி அழுதார்.

இங்கே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வாங்கும் நாடு நோய் வந்த பகுதியை மட்டும் விலக்குமா, இல்லை முழு நாட்டையுமா? உலக வணிக அமைப்பின் ஒப்பந்தம் பகுதி பகுதியாகப் பார்க்கச் சொல்கிறது. நடைமுறையில் அது இருநாட்டுப் பேச்சுவார்த்தையில்தான் முடிவாகும். 2025 நவம்பரில் ஸ்பெயினின் பார்சிலோனா அருகே காட்டுப்பன்றிகளில் இதே நோய் தெரிந்தது. 1994-க்குப் பிறகு அங்கே அதுவே முதல் முறை. சீனாவோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால் சீனாவின் தடை பார்சிலோனா மாகாணத்தோடு நின்றது. ஜப்பான் முழு ஸ்பெயினுக்கும் போட்டது. ஆகவே உங்கள் எக்செல் தாளில் 'நோய்' என்று ஒரு பத்தி போதாது. ஒவ்வொரு வாங்கும் நாட்டுக்கும் ஒரு பத்தி வேண்டும்.

படி 3: அனுமதித் தாள்களை எண்ணுங்கள்

நோய் இல்லை என்பது நுழைவுத் தகுதிதான், அனுமதிச் சீட்டு வேறு. இரு நாட்டுக் கால்நடைத் துறைகளும் ஒரு சுகாதாரச் சான்றிதழின் வாசகத்தை வரி வரியாக ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு வாங்கும் நாடு பன்றிகளை அறுக்கும் ஒவ்வொரு கூடத்தையும் ஆய்ந்து பட்டியலில் சேர்க்க வேண்டும். பிரேசிலில் மத்திய அரசு மேற்பார்வையில் இயங்கும் கூடம் ஒவ்வொன்றுக்கும் எஸ்.ஐ.எஃப். எண் இருக்கிறது. அந்த எண் பட்டியலில் இல்லையென்றால் சரக்கு தங்கமாகவே இருந்தாலும் துறைமுகத்தில் கிடக்கும்.

எவ்வளவு காலம் ஆகும்? சாண்டா கத்தரினாவுக்கு அங்கீகாரம் கிடைத்தது 2007. ஜப்பான் கதவு திறந்தது 2013. தென்கொரியா 2018. இரண்டு ஆண்டில் புதிய சந்தையைப் பிடித்துவிடலாம் என்று யாராவது திட்ட அறிக்கை கொடுத்தால், இந்த மூன்று ஆண்டுகளையும் அதன் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

தாளில் இன்னொரு வரியும் முக்கியம்: ராக்டோபமின். கொழுப்பைக் குறைத்துச் சதையைக் கூட்டத் தீவனத்தில் சேர்க்கும் பொருள் இது. அமெரிக்காவில் அனுமதி உண்டு. சீனா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. அமெரிக்காவின் டைசன் நிறுவனம் 2020 பிப்ரவரியிலிருந்து தான் வாங்கும் பன்றிகளுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று பண்ணையாளர்களிடம் சொல்லிவிட்டது. சீனா பெரிய அளவில் வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. தீவன மூட்டையில் என்ன இருக்கவேண்டும் என்பதை வாங்குபவர் தீர்மானிக்கிறார்.

படி 4: ஒரு பன்றியை எத்தனை நாட்டுக்கு விற்கலாம் என்று பாருங்கள்

ஏற்றுமதியில் லாபம் வருவது பெரும்பாலும் இங்கிருந்துதான். முழுப் பன்றியை ஒரே நாட்டுக்கு விற்பவர் எப்போதும் நஷ்டத்தின் ஓரத்தில்தான் நிற்பார்.

தென்கொரியாவில் வயிற்றுப் பகுதிக்குத்தான் மவுசு. சம்க்யோப்சால் என்று மேசையிலேயே சுட்டுச் சாப்பிடுவார்கள். ஜப்பான் முதுகுச் சதைக்கு நல்ல விலை கொடுக்கும். மெக்சிகோ அமெரிக்காவிலிருந்து தொடைகளை எலும்போடு வாங்கிக்கொள்கிறது. சீனா கால், காது, தலை, குடல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. வேறெங்கும் அரைத்துத் தீவனமாகப் போகவேண்டியவைக்குச் சீனாவில் காசு கிடைக்கிறது.

ஐரோப்பியப் பன்றி இறைச்சி நியாய விலைக்கும் கீழே வந்து குவிகிறதா என்று சீனா 2024 ஜூனில் விசாரணை தொடங்கியபோது ஐரோப்பாவில் ஏன் அத்தனை பதற்றம் என்பது இப்போது புரியும். 2025 டிசம்பரில் 4.9 முதல் 19.8 சதவீதம் வரை கூடுதல் வரி வந்தது. முதுகுச் சதையை இன்னொருவருக்கு விற்கலாம். காதை யாருக்கு விற்பது?

ஜப்பானில் வேறொரு சூட்சுமம் உண்டு. வெட்டிய துண்டுகளுக்குக் கிலோ 524 யென் என்ற ஒரு வாசல் விலை இருக்கிறது. அதற்குக் கீழே விலை போட்டால் இடைவெளியை வரியாகப் பிடுங்கிக்கொள்வார்கள். மேலே போனால் சிறு சதவீத வரிதான். ஆக, ஜப்பானுக்கு மலிவாக விற்பதால் யாருக்கும் பயனில்லை. இறக்குமதியாளர்கள் விலையுயர்ந்த துண்டையும் மலிவான துண்டையும் ஒரே சரக்கில் கலந்து சராசரியை அந்த விலைக்குப் பக்கத்தில் நிறுத்துவது வழக்கம். 'மலிவாகக் கொடுப்பவர் ஜெயிப்பார்' என்ற கணக்கு அந்தத் துறைமுகத்தில் செல்லாது.

செய்யவேண்டியது: இடது பக்கம் துண்டுகளின் பெயர், மேலே நாடுகளின் பெயர், நடுவே டன் விலை. ஒவ்வொரு வரியிலும் அதிக விலை எங்கே என்று வட்டமிடுங்கள். வட்டங்கள் எல்லாம் ஒரே நாட்டின் கீழ் விழுந்தால் படி 7-இல் உங்களுக்கு வேலை இருக்கிறது.

படி 5: இப்போது செலவு

பன்றி வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான் அதில் முதன்மை. சாண்டா கத்தரினாவின் கோன்கோர்டியா ஊரில் பிரேசில் அரசின் பன்றி, கோழி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உற்பத்திச் செலவை மாதாமாதம் வெளியிடுகிறார்கள், இலவசமாகவே பார்க்கலாம்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த மாநிலத்தில் அதன் பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் போதுமான மக்காச்சோளம் விளைவதில்லை. வெகுதூரத்து மத்திய மேற்கு மாநிலங்களிலிருந்தும் பராகுவேயிலிருந்தும் லாரி லாரியாக வருகிறது. அப்படியிருந்தும் தாக்குப்பிடிக்கக் காரணம் பண்ணை அமைப்பு. நிறுவனம் குட்டியும் தீவனமும் மருத்துவரும் கொடுக்கும், விவசாயி கொட்டகையும் உழைப்பும் கொடுத்து வளர்ப்புக் கூலி வாங்குவார். பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இதே மாநிலத்தின் சின்ன ஊர்களில்தான் சாதியா, பெர்திகாவ் என்ற பெரிய இறைச்சி நிறுவனங்கள் பிறந்தன. அங்கே ஷாப்பெகோ ஊரின் அவுரோரா கூட்டுறவு இன்றும் பெரிய ஏற்றுமதியாளர். ஒரே மாதிரி குட்டி, ஒரே மாதிரி தீவனம் என்பதால் எந்த மருந்து எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் கையில் இருக்கும். படி 3-இன் தாள்களுக்கு அதுதான் வேண்டும்.

படி 6: குளிர்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேசிலிலிருந்து கிழக்காசியாவுக்குக் கப்பல் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்த இறைச்சிதான் பெரும்பாலும் போகிறது. கனடா ஜப்பானுக்கு அருகில் இருப்பதால் உறையவைக்காமல், குளிரூட்டிய நிலையிலேயே அனுப்பி நல்ல விலை வாங்குகிறது. இரண்டையும் ஒரே பொருள் என்று எண்ணி விலையை ஒப்பிடக்கூடாது. எச்.எஸ். குறியீட்டில் 0203-க்கு அடுத்த எண் 1 என்றால் குளிரூட்டியது, 2 என்றால் உறைந்தது.

படி 7: பெரிய வாங்குபவரின் பங்கைக் கணக்கிடுங்கள்

முதலிடத்தில் இருக்கும் நாடு வாங்கிய டன்னை மொத்த ஏற்றுமதியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 30 சதவீதத்தைத் தாண்டினால் நான் அந்தத் தாளில் சிவப்பு மை வைப்பேன். இது என் சொந்த அளவுகோல், சட்டமில்லை.

பிரேசில் இதைப் பட்டுத்தான் கற்றது. 2017-இல் அதன் பன்றி இறைச்சியில் சுமார் 40 சதவீதத்தை ரஷ்யா வாங்கியது. ராக்டோபமின் இருக்கிறது என்று காரணம் காட்டி அந்த ஆண்டு டிசம்பர் முதல் தேதியிலிருந்து ரஷ்யா நிறுத்தியது. 2018 பிரேசில் பண்ணைகளுக்கு மோசமான ஆண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வெடித்து, உலகச் சந்தையே தலைகீழானது. 2020, 2021-இல் பிரேசில் சரக்கில் ஏறக்குறையப் பாதி சீனாவுக்குப் போனது. பிறகு சீனா தன் மந்தையைத் திரும்பக் கட்டியது. 2020-இல் 43 லட்சம் டன் வாங்கிய நாடு 2024-இல் வாங்கியது 11 லட்சம் டன்னுக்கும் கீழே.

இந்த முறை பிரேசில் சரியவில்லை. 2024-இல் பிலிப்பைன்ஸ் சீனாவை முந்தி முதலிடத்துக்கு வந்தது. 2019-இலிருந்து பிலிப்பைன்ஸும் அதே நோயோடு போராடிக்கொண்டிருக்கிறது. ஜப்பான், சிலி, சிங்கப்பூர் என்று மற்றவர்களும் பட்டியலில் இருந்தார்கள். ஒருவர் கைவிட்டால் இன்னொருவர் எடுத்துக்கொள்ளும்படி தாள்கள் முன்பே தயாராக இருந்தன.

பயிற்சிக்கு: இந்தியாவைப் போட்டுப் பாருங்கள்

இதே ஏழு படிகளை இந்தியாவுக்குச் செய்து பாருங்கள். இரண்டாம் படியிலேயே நிற்பீர்கள். 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தெரிந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2022-இல் வயநாடு வரை வந்தது. கோமாரிக்கு நாடு முழுக்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறோம். ஜப்பானும் கொரியாவும் இப்போதைக்குக் கனவுதான்.

அதற்காகத் தாளை மூடிவிடாதீர்கள், உள்நாட்டுச் சந்தையைப் பாருங்கள். வடகிழக்கு மாநிலங்களில் உள்ளூர் உற்பத்தி போதாமல் பஞ்சாப், அரியானாவிலிருந்து பன்றிகள் லாரியில் போகின்றன. வெண்பன்றிப் பண்ணை வைத்துக்கொண்டு 'ஏற்றுமதி செய்யலாமா' என்று கேட்பவர்களிடம், தங்கள் எக்செல் தாளில் மணிலா விலைக்கு முன்னால் குவாஹாத்தி விலைக்கு ஒரு பத்தி போடச் சொல்லுங்கள்.