வெறும் 300 என்று எழுதாதீர்கள்

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தென்னந்தோப்பு. சொட்டுநீர் வால்வைத் தானாகத் திறந்து மூட, கோ மொழியில் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். மோட்டார் ஓடியது, வால்வு 'டக்' என்றது, மரத்தடி மட்டும் காய்ந்தே கிடந்தது. "தண்ணியே வரலையே தம்பி" என்றார் தோப்புக்கார அண்ணன்.

தப்பு ஒரே வரியில் இருந்தது: டைம்.ஸ்லீப்(300). அடைப்புக்குள் உள்ள நேரம்வரை ப்ரோகிராமைக் காத்திருக்கச் சொல்லும் வரி அது. ஐந்து நிமிடம், அதாவது 300 விநாடி என்று நினைத்து எழுதியது. கோ-வில் அந்த 300-க்கு 300 நானோவிநாடி என்று பொருள். ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோவிநாடி. வால்வு திறந்த கையோடு மூடிக்கொண்டது.

இதே 300-ஐ பைத்தானின் ஸ்லீப் விநாடியாக எடுக்கும். ஜாவாவின் த்ரெட்.ஸ்லீப்பும் ஜாவாஸ்கிரிப்ட்டின் செட்டைம்அவுட்டும் மில்லிவிநாடியாக எடுக்கும். அரிசி அளக்கவும் நாழி, 'நாழியாச்சு' என்று கிளம்பவும் நாழி. பேச்சில் எது என்று புரிந்துவிடும், நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குப் புரியாது. அதனால் கோ-வில் 5 * டைம்.மினிட் என்றே எழுதுங்கள்.

எண் வேரியபிளில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முழு எண்ணை அப்படியே ஸ்லீப்பிடம் கொடுத்தால் கம்பைலர் டைப் பொருந்தவில்லை என்று எரர் காட்டும். அந்த எரர் போனால் போதும் என்று, கால அளவுக்கான டைப்பான டியூரேஷனுக்கு, டைம்.டியூரேஷன்(நிமிடம்) என மாற்றி விட்டுவிடுகிறார்கள். எரர் போய்விடும், நானோவிநாடி திரும்ப வந்துவிடும். கூடவே டைம்.மினிட்டால் பெருக்க வேண்டும். அந்த வேரியபிளில் 1.5 இருந்தால், டியூரேஷனாக மாற்றும்போதே புள்ளிக்குப் பின்னால் இருப்பது உதிர்ந்து 1 ஆகிவிடும். முதலில் பெருக்கி, அப்புறம் மாற்றுங்கள். ஏற்கெனவே 5 விநாடி டியூரேஷனாக இருப்பதை மறுபடி டைம்.செகண்டால் பெருக்கினால்? சுமார் 158 வருடம். வால்வு மூடவே மூடாது.

சி++ 2014 முதல் எண்ணோடு அலகை ஒட்டி எழுத விடுகிறது: 500எம்எஸ், 5எஸ், 5மின். நிமிடத்துக்கு 'மின்' என்றுதான் எழுத வேண்டும், வெறும் 'எம்' கிடையாது. 2020-இல் வந்த 'டி' இன்னும் ஏமாற்றும். 2டி என்றால் இரண்டு நாள் இல்லை, மாதத்தின் இரண்டாம் தேதி. இரண்டு நாளுக்கு 48எச் என்று எழுதுங்கள்.

ஜாவாவில் 30 நாளை 30 * 24 * 60 * 60 * 1000 என்று மில்லிவிநாடியில் எழுதினால் சாதாரண முழு எண் டைப்பான இன்ட் தாங்காது, விடை மைனஸில் வரும். ஒரு எண்ணுக்குப் பின்னால் 'எல்' போட்டு, பெரிய எண் தாங்கும் லாங் டைப் ஆக்குங்கள், டியூரேஷன்.ஆஃப்டேஸ்(30) அதைவிட நல்லது.

சரி, தோப்புக்கு வருகிறேன். இப்போது செட்டிங்ஸ் ஃபைலில் 5எம் என்று எழுதி, கோ-வின் பார்ஸ்டியூரேஷன் வழியாகப் படிக்கிறேன். சி++ போல இல்லை, இதில் 'எம்' என்றாலே நிமிடம். யாராவது 'எம்'மை விட்டுவிட்டு வெறும் 5 என்று போட்டால், அலகு இல்லை என்று எரர் வரும். அந்த எரர் வந்தால் ப்ரோகிராம் வால்வைத் தொடாமலே நின்றுவிடும்.