சலான் கேட்டால் எடுத்துக் கொடுக்க: சிறு நிறுவனத்தில் ஆவண மேலாண்மையை அமைக்கும் முறை

திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனம் வாங்கும் நூல், ஆடையாகி வெளியேறுவதற்குள் நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் என்று நான்கைந்து இடங்களுக்குப் போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் சரக்கோடு போகும் சீட்டாக ஒரு டெலிவரி சலான் (டி.சி.) போடப்படுகிறது; விதிப்படி அதற்கு மூன்று பிரதிகள் உண்டு. கூலி வேலைக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாமலும், அங்கிருந்தே விற்பனைக்குப் போகாமலும் இருந்தால், கால நீட்டிப்பு பெறாத நிலையில், அனுப்பிய நாளிலேயே அது விற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவு சொல்கிறது. கணக்கு வைக்கும் பொறுப்பும் அனுப்பியவருடையதே. துணி உண்மையிலேயே திரும்பி வந்து, தைத்து, ஏற்றுமதியாகிப் பணமும் வந்துவிட்டிருக்கலாம்; ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து வரித்துறை நோட்டீஸ் வரும்போது அந்த டி.சி. கிடைக்காவிட்டால் அதையெல்லாம் நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழுகிறது.

இப்படிப்பட்ட அலுவலகங்களில் காகிதம் தொலைவது குறைவு. இருக்கும் காகிதம் அகப்படாமல் போவதே அதிகம். அதனால் ஸ்கேனர் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் கணினிக்குள் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைப்பது தவறு. பீரோவில் இருந்த குழப்பம் ஹார்டு டிஸ்கிற்கு இடம் மாறுமே தவிரக் குறையாது. ஓர் ஆவணம் அலுவலகத்துக்குள் நுழையும் நாளிலேயே அதன் பெயர், அதைப் பார்க்க உரிமையுள்ளவர், அது அழிக்கப்பட வேண்டிய தேதி ஆகிய மூன்றையும் முடிவு செய்துவிடும் ஒழுங்கையே இங்கு ஆவண மேலாண்மை என்கிறேன். மென்பொருள் அந்த ஒழுங்குக்கு உதவும் கருவி.

முதல் வேலையாக, ஒரு வாரம் எதையும் ஸ்கேன் செய்யாமல், அலுவலகத்துக்குள் வரும், வெளியே போகும் காகிதங்களை வகைப்படுத்தி ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கொள்முதல் பில், விற்பனை பில், டி.சி., இ-வே பில், வங்கிக் கடிதம், சம்பளப் பதிவேடு, வாடகை ஒப்பந்தம், மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி என்று பெரும்பாலும் இருபது முப்பது வகைகளுக்குள் அடங்கிவிடும். பழைய பெட்டிகளைத் தூசு தட்டி அங்கிருந்து தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அந்த ஆர்வம் மூன்றாவது பெட்டியிலேயே வற்றிவிடும். இன்றைய காகிதத்திலிருந்து தொடங்கி, நிலுவையில் வழக்கோ தணிக்கையோ உள்ள ஆண்டுகளை மட்டும் பின்னோக்கிச் சேர்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது காலவரை. இதில் தவறு அதிகம் நடப்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவு, அந்த ஆண்டுக்குரிய வருடாந்திர அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. பலர் இதை ஆறு வருடம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு மார்ச் 31-இலிருந்து எண்ணிவிடுகிறார்கள். 2023-24 நிதியாண்டுக்கு அந்தக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆகவே அந்த ஆண்டின் ஆவணங்களை 2030 டிசம்பர் 31 வரை காக்க வேண்டும். மார்ச்சிலிருந்து எண்ணியவர் ஒன்பது மாதம் முன்பே அவற்றைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பியிருப்பார். 2017-18-க்கு நடந்ததுபோலக் கடைசி நாள் தள்ளிவைக்கப்பட்டால் இந்தக் கணக்கும் தள்ளிப்போகும். மேல்முறையீடோ விசாரணையோ இருந்தால், அது முழுமையாக முடிந்து ஓராண்டு ஆகும் நாள், 72 மாதம் முடியும் நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதுவரை அவற்றைத் தொடக்கூடாது. பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால், 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி முந்தைய எட்டு நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் வைத்திருக்க வேண்டும். ஒரே ஆவணத்துக்கு இரண்டு சட்டங்கள் பொருந்தினால் நீண்ட காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகைப் பட்டியலில் ஒவ்வொரு வகைக்கும் எதிரே இந்தக் காலவரையை ஆடிட்டரிடம் காட்டி உறுதி செய்து எழுதிய பிறகே மென்பொருள் பற்றி யோசிக்கலாம்.

கோப்புகளுக்குப் பெயரிடும்போது தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் வையுங்கள். கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கித் தரும். தேதியைத் தொடர்ந்து ஆவண வகை, பார்ட்டியின் (நாம் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் நிறுவனத்தின்) குறியீடு, ஆவண எண் ஆகியவை வரட்டும். பார்ட்டியின் பெயரைத் தட்டச்சு செய்யவே கூடாது என்பது என் கருத்து. நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே முருகனுக்கு மூன்று எழுத்துக்கூட்டல்கள் வந்துவிடும். தேடுகிறவர் ஒன்றைத் தேட, சேமித்தவர் வேறொன்றை எழுதியிருப்பார். பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண்ணோடு இணைத்த ஒரு சிறு குறியீட்டைப் பார்ட்டிக்கு ஒன்று வீதம் கொடுத்து, அந்தப் பட்டியலை ஒருவர் மட்டுமே திருத்தலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்ய ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். நீண்ட காலம் வைக்க வேண்டியவற்றை பி.டி.எஃப்./ஏ வடிவில் சேமிப்பது நல்லது. எழுத்துருக்களும் கோப்புக்குள்ளேயே அடங்கியிருப்பதால் பல ஆண்டுகள் கழித்தும் அதே தோற்றத்தில் திறக்கும். பெட்ரோல் பங்க், எடைமேடை ரசீதுகள் பெரும்பாலும் தெர்மல் தாளில் அச்சாகின்றன. வெயில் பட்டால் சில மாதங்களிலேயே வெளிறிவிடும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரமே மங்கலாம். எனவே அவற்றை வந்த அன்றே ஸ்கேன் செய்யுங்கள்.

தமிழ் ஆவணங்களில் இரண்டு சிக்கல்கள் உண்டு. படத்திலிருந்து எழுத்தைப் படித்தறியும் டெசராக்ட் போன்ற மென்பொருள்கள் தெளிவான தமிழ் அச்சை ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. சாயப்பட்டறைக்காரர் நின்றபடியே கிறுக்கிக் கொடுத்த டி.சி.யில் மட்டும் அவற்றை நம்பக்கூடாது. கையெழுத்து ஆவணங்களுக்கு எண், தேதி, எடை ஆகியவற்றைக் கையால் உள்ளிடத்தான் வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே வேறு எழுத்துகளாகவே கிடப்பதால் தேடலில் வருவதில்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் அலுவலகங்கள் சில இன்னும் பாமினியை விடவில்லை.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கையில் விற்பனையாளர் காட்டும் வண்ணத் திரைகளைவிட அதன் மாற்றப் பதிவை முதலில் கேளுங்கள். மின்னணு முறையில் கணக்கு வைத்திருந்தால், திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் தடம் இருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி 56. கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளிலேயே அணைக்க முடியாத மாற்றத்தடம் கட்டாயம். அவற்றின் கணக்குப் புத்தகங்களின் காப்புப்படி (பேக்கப்) இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் சேமிக்கப்பட வேண்டும் என்றும் விதி உள்ளது. கணினி தெரிந்த ஆள் ஒருவர் அலுவலகத்தில் இருந்தால், பேப்பர்லெஸ்-என்.ஜி.எக்ஸ் போன்ற திறமூல மென்பொருளே சிறு நிறுவனத்துக்குப் போதும். இல்லாவிட்டால் மாதக் கட்டணச் சேவை ஒன்றை எடுத்துக்கொள்வதே நிம்மதி. எதுவானாலும், நாளை விலகினால் கோப்புகளையும் அவற்றின் விவரப் பட்டியலையும் மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஸ்கேன் செய்தாயிற்று என்பதற்காக மூலத்தை அழித்துவிடக் கூடாதவை சில உண்டு. சொத்துப் பத்திரம், பிராமிசரி நோட்டு, முத்திரைத்தாளில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகியவை தாளாகவே இருக்கட்டும். உயில், அறக்கட்டளைப் பத்திரம் ஆகியவற்றுக்கு 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டமே பொருந்தாது. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் தேவை. அதில் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியான ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த மதிப்பு மாறிவிடும் என்பதால், சேமிக்கும்போதே அதைக் கணக்கிட்டு வைக்கும் மென்பொருள் பின்னாளில் வழக்கறிஞரின் வேலையைக் குறைக்கும்.

காப்புப்படி மூன்று இருக்கட்டும். ஒன்று அலுவலகக் கட்டடத்துக்கு வெளியே, இன்னொன்று இணையத்தோடு இணைக்கப்படாத டிஸ்கில். காலாண்டுக்கு ஒருமுறை, பழைய டி.சி. ஒன்றின் எண்ணைச் சொல்லி, காப்புப்படியிலிருந்தே அதை மீட்டெடுக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளாக இரவுதோறும் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை வெறும் கோப்புறைகள்.

கடைசியாக, அழித்தல். தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றைத் தேவை முடிந்த பின்னும் சேர்த்து வைப்பது பாதுகாப்பாகாது; 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை நீக்குவதையும் கடமையாக வகுத்துள்ளது. இயன்றவரை கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரையே வாங்குங்கள். காலவரை முடிந்த காகிதங்களை எடைக்குப் போடாமல் துண்டாக்கும் இயந்திரத்தில் இடுங்கள். சம்பளப் பதிவேட்டின் பக்கத்தில் வடை மடித்துத் தருவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆவண வகை, நிதியாண்டு, காலவரை முடிந்த தேதி, அழித்த தேதி, அனுமதித்தவரின் கையெழுத்து ஆகியவற்றுடன் ஓர் அழிப்புப் பதிவேடு வைத்து, மூன்று காப்புப்படிகளிலிருந்தும் அந்தக் கோப்புகள் நீக்கப்பட்ட பிறகே அதில் பதிவு செய்யுங்கள்.