டூரை ஆட்களிடம் கொடுங்கள், பணத்தோடு கொடுங்கள்

ஓசூர் சிப்காட்டில், வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் பதினொரு வருஷமாக ஷிப்ட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆட்களுக்குள் ஒற்றுமை வரட்டும் என்று கம்பெனியிலிருந்து இதுவரை ஆறு டூர் போயிருக்கிறோம். முதல் மூன்றும் தண்டம் என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

தண்டம் என்றால் ஆட்கள் சந்தோஷமாக இல்லை என்று அர்த்தமில்லை. வேனில் நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் திங்கட்கிழமை காலை ஷிப்டில் டூல் கேட்டு நின்ற ஆபரேட்டரும் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவரும் சனிக்கிழமை எந்த வார்த்தையில் சண்டையை விட்டார்களோ அதே வார்த்தையில் மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்றாவது டூருக்கு வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வேறு வரவழைத்தோம். எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட், ரிசார்ட் புல்வெளியில் கயிறு இழுக்கிற போட்டி, கடைசியில் கைகோத்து ஒரு போட்டோ. அந்த டி-ஷர்ட்டுகள் இப்போது மெஷின் துடைக்க நன்றாக உதவுகின்றன.

கயிறு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேக்ஸ் ரிங்கல்மன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், விவசாயப் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து பார்த்து 1913-ல் வெளியிட்டார். ஆள் சேரச் சேர ஒவ்வொருவரும் போடுகிற பலம் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்தபோது, தனியாக இழுத்தால் வருகிற பலத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆளுக்கு வந்தது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால் அப்படி இருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 1974-ல் அமெரிக்காவில், ஒருவரின் கண்ணைக் கட்டி முதல் ஆளாக நிற்கவைத்து, பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்து, உண்மையில் யாரையும் இழுக்கவிடாமல் செய்து பார்த்தார்கள். அப்போதும் அவர் குறைத்துத்தான் இழுத்தார். நமக்கு இதற்குச் சோதனையே வேண்டாம், தேர் வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும், எத்தனை கைகள் வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் கூடவே நடந்து வருகின்றன என்று.

ஆகவே முப்பது பேரை ஒன்றாக நிறுத்தி விளையாடவிட்டால் ஒற்றுமை வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நான் பார்த்தவரை டூர் பலன் தருவது ஒரே வழியில்தான்: அதை நீங்கள் நடத்தாதீர்கள், ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள். பணத்தோடு கொடுங்கள். பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டு ஒவ்வொரு டீ செலவுக்கும் உங்களிடம் வந்து நிற்கவைத்தால் அதற்குப் பெயர் எடுபிடி.

டூரை நடத்துகிற குழுவுக்கு நாலைந்து பேர் போதும், அதற்கு மேல் வேண்டாம், மேலே சொன்ன கயிறுதான் காரணம். யார் அந்த நாலைந்து பேர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எந்த டிபார்ட்மென்ட்டும் எந்த டிபார்ட்மென்ட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறதோ, அதில் ஆளுக்கொருவரை எடுங்கள். பெண்கள் வேலை செய்கிற இடமென்றால் குறைந்தது இரண்டு பெண்கள், ஒருவர் மட்டும் இருந்தால் பேசமாட்டார், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எப்போதும் முன்னால் வந்து மைக் பிடிக்கிற அந்த ஒருவரை (எல்லா கம்பெனியிலும் ஒருவர் உண்டு) இந்த முறை வெளியில் வையுங்கள், பாட்டுப் போடுகிற வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாக இருப்பார். கான்ட்ராக்ட் ஆட்களை விட்டுவிட்டுப் போகிற யோசனை இருந்தால் டூரையே ரத்து செய்துவிடுங்கள். பக்கத்து மெஷினில் நிற்கிறவனை விட்டுவிட்டுப் போய் மீன் தின்றுவிட்டு வந்தால் அந்தக் கசப்பு ஒரு வருஷத்துக்குப் போகாது. எங்கள் ஷாப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம் போக ஒடிசா, பீகார் பையன்களும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரும் குழுவில் வேண்டும். இல்லையென்றால் ஒகேனக்கலில் பரிசல் ஏறும் துறையில் சொல்லுகிற எச்சரிக்கை பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

உங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்றே மூன்று. தண்ணீரில் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்பது. இருட்டுவதற்கு முன்னால் எல்லோரும் வீடு போய்ச் சேருவது, பெண்கள் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வதே இதை வைத்துத்தான். அப்புறம் பாட்டில். பாட்டிலுக்கு வளைந்து கொடுக்கவே வேண்டாம், வேன் கிளம்பும் முன் பைகளைப் பார்ப்பதில் எனக்கு வெட்கமே இல்லை. காவிரியில் குடித்துவிட்டு இறங்கி, திரும்ப வராதவர்களின் கதை நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் ஒன்றாவது தெரியும். மற்றபடி தேதி, இடம், சாப்பாடு, வண்டி எல்லாம் அவர்கள் பாடு.

தேதியில் ஒரு எச்சரிக்கை மட்டும். மாதக் கடைசி வாரம் டெஸ்பாட்ச் நெருக்கடி என்று உங்களுக்கே தெரியும், அதைச் சொல்லத் தேவையில்லை. ஒகேனக்கல் என்றால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் தண்ணீர் திறந்தால் இங்கே நீர்வரத்து ஏறி, பரிசலுக்கும் குளிக்கவும் கலெக்டர் தடை போட்டுவிடுவார். போய் நின்று ஏமாந்தவர்கள் நிறைய. அதனால் குழுவிடம் முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: தடை போட்டால் என்ன செய்வீர்கள்? இந்த ஒரு கேள்விக்கு எங்கள் ஆட்கள் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில், பென்னாகரம் தாண்டும் முன்பே விசாரித்துத் தெரிந்துகொள்வது, தடை என்றால் திரும்பி கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்கு வந்துவிடுவது என்று அவர்களே எழுதி வைத்தார்கள். மெஷின் நின்றுபோனால் மாற்று ஏற்பாடு என்ன என்று நான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். வழி விஷயத்திலும் சண்டை வந்தது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழி அழகான காட்டு வழி, ஆனால் யானை நடமாட்டம் உள்ள பாதை, திரும்பும்போது பொழுது சாய்ந்தால் வம்பு. கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியே போவது சுற்று, பயமில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. சுற்றுவழியையே எடுத்தார்கள்.

இனி மீன். ஒகேனக்கலில் மீனை நாமே வாங்கி, மளிகையும் எண்ணெயும் கொடுத்தால் அங்கே இருக்கிற அக்காக்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் குழம்பும் வறுவலும் செய்து கொடுப்பார்கள். ஹோட்டலில் மொத்தமாகச் சொல்லிவிடாதீர்கள், இந்த வேலையை அப்படியே குழுவிடம் விடுங்கள். முப்பத்தொரு பேருக்கு எத்தனை கிலோ, கட்லாவா ஜிலேபியா, முள் அதிகமானால் யார் தின்னமாட்டார்கள், சைவம் எத்தனை பேர், அரிசி யார் தூக்கிவருவது, அடுப்பு எப்போது காலியாகும், அதுவரை பசியோடு இருப்பவர்களை என்ன செய்வது. எந்தப் பயிற்சியாளரும் இவ்வளவு நல்ல கணக்கைக் கொடுக்கமாட்டார், ஏனென்றால் இதில் தப்பு வந்தால் மதியம் இரண்டு மணிக்கு முப்பது வயிறு சொல்லிவிடும்.

எங்களுக்கு அப்படித்தான் ஆனது. ஞாயிற்றுக்கிழமை, கூட்டம், எல்லா அடுப்பிலும் ஆள். ஒரே அக்காவிடம் பன்னிரண்டு கிலோவையும் கொடுத்துவிட்டு நின்றார்கள், அவர் கரண்டியால் சட்டியைத் தட்டி, "மூணு மணி ஆவும்ப்பா, அதுக்கு முன்ன என்னக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கை பரபரத்தது. சரி, கெட்டுப்போனால் கெட்டுப்போகட்டும் என்று பாறை நிழலில் போய் உட்கார்ந்துகொண்டேன், பதினொரு வருஷத்தில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். குழுவில் ஸ்டோர்ஸ் பையன் ஒருவன், நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவன் மீனை மூன்றாகப் பிரித்தான். இரண்டு பங்கை எடுத்துப்போய் வேறு இரண்டு அடுப்பில் பேசி வைத்தான். குழம்பு முதலில், வறுவல் கடைசியில் என்றான். ஆட்களையும் மூன்றாகப் பிரித்து, முதல் கூட்டம் பரிசலுக்கு, இரண்டாவது குளிக்க, மூன்றாவது எண்ணெய் மசாஜுக்கும் கடைக்கும் என்று அனுப்பிவிட்டான். பரிசலிலிருந்து இறங்கியவர்கள் வந்து இலை போடும் நேரத்துக்குச் சோறும் குழம்பும் இறங்கியது, அடுத்த கூட்டம் வந்தபோது அடுத்த சட்டி. அவனோடு நின்று மசாலா தடவிக்கொண்டிருந்தது யார் என்றால், ஜன்னலில் அவனோடு தினமும் மல்லுக்கு நிற்கிற அதே ஆபரேட்டர்.

இப்படிப்பட்ட நேரத்தில் உங்கள் வேலை பார்ப்பது மட்டும்தான். யார் முதலில் பதறுகிறார், யார் கேட்காமலேயே தண்ணீர் கேனைத் தூக்குகிறார், கடைசியில் வருகிறவருக்காக யார் நின்று காத்திருக்கிறார். மறந்துவிடும், செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் கண்ணெதிரே குறிக்காதீர்கள், பரீட்சை மாதிரி ஆகிவிடும்.

பரிசல் பற்றிக் கொஞ்சம். பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, ஒருவர் சும்மா எழுந்தாலே எல்லோரும் சாய்வார்கள். பரிசல்காரர் ஆளைப் பார்த்தே எடை போட்டு, நீ இங்கே, நீ எதிரே என்று உட்காரவைப்பார். எங்கள் முதலாளி போட்டோ எடுக்க எழுந்தபோது, "யோவ், உக்காருய்யா மொதல்ல!" என்று ஒரு அதட்டல். முதலாளி சட்டென்று உட்கார்ந்தார். திரும்பி வரும்வரை வண்டி முழுக்க அதே பேச்சு. வேலை தெரிந்தவன் சொன்னால் பதவியைப் பார்க்காமல் கேட்க வேண்டும் என்று நான் பத்து மீட்டிங்கில் சொன்னதைவிட அந்த ஒரு அதட்டல் நன்றாக வேலை செய்தது, குறிப்பாக முதலாளியிடம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏற்றச் சொல்லி யாரும் பேரம் பேசக்கூடாது, அதைக் குழுவே சொல்லிவிட வேண்டும். ஆற்றில் முதலை உண்டு, அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் கால் நனைக்க வேண்டாம்.

தண்ணீர் வேண்டாம், அரை நாள்தான் நேரம் என்றால் ராயக்கோட்டைக் கோட்டை. 1791-ல் மைசூர்ப் போரின்போது திப்புவிடமிருந்து ஆங்கிலேயப் படை பிடித்த கோட்டை அது. காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும், குடிதண்ணீர் கீழேயிருந்தே தூக்கிப்போக வேண்டும். போட்டி வைக்காதீர்கள். மெதுவாக ஏறுகிறவர் முன்னால், வேகமான பையன்கள் பின்னால், அவ்வளவுதான் விதி. லைனில் மெதுவான மெஷின்தான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது என்பது அன்றைக்குக் காலில் ஏறிவிடும்.

சாப்பாட்டுப் பந்தியில் மேனேஜர்கள் கடைசியில் உட்காருங்கள். அதியமான் நெல்லிக்கனியை அவ்வைக்குக் கொடுத்த கதையை மேடையில் சொல்லாதவர் தர்மபுரிப் பக்கம் யாருமில்லை, முதல் பந்தியில் முதல் இலையில் உட்காருகிறவரும் பெரும்பாலும் அவரேதான். முடிந்தால் பரிமாறுங்கள், ஆனால் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.

திரும்பும் வேனில் டூரைப் பற்றி நீங்கள் பேச்செடுக்க வேண்டாம், தூங்கட்டும். செவ்வாய்க்கிழமை டீ இடைவேளையில் குழுவை மட்டும் உட்காரவைத்துப் பத்து நிமிஷம் கேளுங்கள்: எங்கே சிக்கியது, எப்படிச் சமாளித்தீர்கள். யார் தப்பு என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். எங்களிடம் மீன் கதையைச் சொல்லிவிட்டு அந்த ஆபரேட்டரே கேட்டார், "ஏன் சார், காலைல டூலுக்கு மட்டும் எல்லாரும் ஒரே ஜன்னல்ல ஒரே நேரத்துல நிக்கறோம்?" அந்த வாரமே ஸ்டோர்ஸ் பையன் முந்தின நாள் சாயங்காலமே மெஷின் வாரியாக டூலை எடுத்து ட்ரேயில் வைக்க ஆரம்பித்தான். நான் சம்மதம் மட்டும் சொன்னேன். டூரில் ஒருவரிடம் ஒரு திறமை தெரிந்தால் ஒரு வாரத்துக்குள் அதற்கேற்ற ஒரு நிஜ வேலையைக் கையில் கொடுத்துவிடுங்கள், ஆறினால் போய்விடும். சும்மா "சபாஷ்" சொன்னால் மட்டும் போதாது, அவனுக்கு எந்த முடிவை எடுக்க உரிமை என்பதையும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சூப்பர்வைசர் அவனை ஓரங்கட்டிவிடுவார்.

கணக்கைக் குழுவே எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும், மிச்சப் பணத்தை என்ன செய்வது என்பதும் அவர்கள் முடிவுதான். எங்களுக்கு மிச்சம் வந்தது 410 ரூபாய். கேன்டீன் சுவரில் தொங்குகிற கடிகாரம் அதில் வாங்கியது. ஐந்து நிமிஷம் வேகமாக ஓடுகிறது, யாரும் அதைத் திருத்தவில்லை.