வேலூரில் நடைபாதையில் வண்டி நிறுத்தி அபராதம் வந்தால்

ஹெல்மெட் போடாமல் போனால் அபராதம் என்பது வேலூரில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். வண்டியைப் பூட்டிவிட்டு மருந்துக் கடைக்குள் நின்றுகொண்டிருக்கும்போதே கைபேசிக்கு ஒரு சலான், அதாவது அபராதச் சீட்டு, வந்து சேரலாம் என்பது, அது வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. எங்கே நிறுத்தினால் அபராதம், வந்த சலானில் எவற்றைச் சரிபார்க்க வேண்டும், கட்டாமல் விட்டால் எங்கே இடிக்கும் என்பவற்றை இங்கே பார்ப்போம்.

முதலில் சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவு, பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ தடையோ தேவையற்ற இடைஞ்சலோ ஏற்படும் விதத்தில் வண்டியை விட்டுச் செல்லக் கூடாது என்கிறது. 2017இல் வந்த வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளோ, வண்டி நிறுத்தக் கூடாத இடங்களில் நடைபாதையையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கின்றன. ஆகவே, ‘இங்கே நோ பார்க்கிங் பலகை எதுவும் இல்லையே’ என்ற வாதம் எடுபடாது; நடைபாதைக்குப் பலகை தேவையில்லை. அபராதம் 177ஆவது பிரிவின்கீழ் விதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி முதல் முறைக்கு 500 ரூபாய், மறுமுறைக்கு 1,500 ரூபாய். நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல 127ஆவது பிரிவு இடமளிக்கிறது. அப்படி இழுத்துச் சென்றால் அந்தச் செலவும் அபராதத்துக்கு மேல் உரிமையாளர் தலையில்தான் விழும்.

எது நடைபாதை என்பதில்தான் நம் ஊரில் குழப்பம் அதிகம். சாலையை விட உயரமாக, பேவர் பிளாக் பதித்து, கம்பி வேலி போட்டிருந்தால் அதை யாரும் பிளாட்பாரம் என்று ஒப்புக்கொள்வார்கள். ஆனால் மழைநீர்க் கால்வாயின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடி, மக்கள் நடப்பதற்கென்று விட்ட இடமும் நடைபாதைதான். கடைக்காரர் தம் வாசலில் நிறுத்தச் சொன்னார் என்பதும் காப்பாற்றாது. கடையின் படிக்கட்டு எங்கே முடிகிறதோ அதற்கு அப்பால் உள்ளது பெரும்பாலும் பொது இடம். அங்கே வண்டி நிறுத்த அனுமதி கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த விதியின் நியாயம் விளங்கும். சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) வழிகாட்டுதல்படி நடைபாதையில் நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். ஸ்பிளெண்டர் போன்ற சாதாரண பைக் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும், ஹேண்டில்பார் உட்பட 70 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் உடையது. அதைக் குறுக்கே நிறுத்தினால் பாதை முழுவதும் அடைபடும். ‘ஓரமாகத்தான் விட்டேன்’ என்று நீளவாக்கில் நிறுத்தினாலும், சைடு ஸ்டாண்டில் வண்டி சாய்ந்து நிற்பதால் மிஞ்சுவது சுமார் ஒரு மீட்டர்தான். சக்கர நாற்காலி ஒன்று போவதற்கே 90 சென்டிமீட்டர் வேண்டும் என்னும்போது, எதிரில் ஒருவர் வந்தால் இருவரில் ஒருவர் சாலையில் இறங்கியே தீர வேண்டும். அதுவும் நம் நடைபாதைகள் எல்லாம் 1.8 மீட்டர் அகலம் கொண்டவை என்று வைத்துக்கொண்டால்! சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே ஐடா ஸ்கடர் சாலையிலும், அதை ஒட்டி விடுதிகள் நிறைந்த காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கமும், கையில் ஸ்கேன் உறையுடன் நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகிறவர்களைப் பகல் முழுவதும் காணலாம். அவர்களில் பலர் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள். வண்டியை நகர்த்தும்படி நம்மிடம் சொல்லக்கூட அவர்களுக்கு மொழி தெரியாது. பாதசாரிகளுக்குத் தடையற்ற நடைபாதை கிடைப்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

ஆகவே லாங்கு பஜார், மண்டித் தெரு, நேதாஜி மார்க்கெட் பக்கம் வேலை இருந்தால், கடை வாசல் வரை வண்டியிலேயே போக வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுவது நல்லது. கட்டண ஸ்டாண்டில் டோக்கன் வாங்கி நிறுத்திவிட்டு நடந்து போவதே மலிவான வழி. 500 ரூபாய்க்கு எத்தனை டோக்கன் வாங்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். காட்பாடி ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் நிலையத்தின் வாகன நிறுத்துமிடத்தையே பயன்படுத்த வேண்டும். வெளியே விட்டுவிட்டு ரயில் ஏறினால், வண்டி நாள் முழுவதும் கேட்பாரற்று நிற்கும். ஸ்டாண்டு எதுவும் இல்லாத தெருவில், சாலையின் இடது ஓரத்தில், நடைபாதை விளிம்பை ஒட்டி, தார்ச்சாலையின் மேலேயே நிறுத்துங்கள். சாலைச் சந்திப்பு, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை அல்லது பள்ளி வாசல், பிறர் வீட்டு வாயில் ஆகியவற்றை விட்டு விலகியே நிறுத்த வேண்டும். நடைபாதை முனையில் உள்ள சாய்தளம் சக்கர நாற்காலிக்காகப் போடப்பட்டது. பைக் ஏறுவதற்கு அல்ல.

போக்குவரத்துக் காவலர் சலான் எழுதிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வந்துவிட்டால், முதலில் வண்டியை எடுத்து ஓரம் கட்டிவிட்டுப் பிறகு பேசுங்கள். ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், காப்பீடு ஆகியவற்றை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டினால் போதும், அது செல்லும். வாக்குவாதத்தால் சலான் ரத்தாவதில்லை. பணம் கொடுத்தால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத பணம் அபராதம் ஆகாது.

குறுஞ்செய்தியாக வரும் சலானில் இணைப்பு இருந்தால் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். சலான் என்ற பெயரில் போலி இணைப்பையும், தரவிறக்கச் சொல்லும் ஏ.பி.கே. கோப்பையும் (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் கும்பல்கள் இருக்கின்றன. மத்திய அரசின் வாகனப் போக்குவரத்துச் சேவையான பரிவாகனின் இ-சலான் தளத்தை நீங்களே திறந்து, முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு, சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ இட்டுத் தேடுங்கள். வண்டி எண்ணைக் கொடுத்துத் தேடினால் சேசிஸ் எண் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கும், அவை ஆர்.சி.யில் உள்ளன. விவரம் திறந்ததும் இடம், தேதி, நேரம், சட்டப் பிரிவு ஆகியவற்றைப் படித்துவிட்டு, புகைப்படம் இருந்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். வேலூர்ப் பதிவைக் குறிக்கும் டி.என். 23க்குப் பின்னால் வரும் எழுத்திலோ எண்ணிலோ ஒன்று மாறினாலும், முன்பின் தெரியாத ஒருவரின் அபராதம் உங்கள் பெயரில் வந்துவிடும்.

அப்படித் தவறாக வந்திருந்தால், படத்தையும் ஆர்.சி. நகலையும் வைத்து அதே தளத்தில் புகார் பதியலாம். சலானை விதித்த போக்குவரத்துக் காவல் பிரிவில் நேரிலும் எழுதிக் கொடுக்கலாம். சலான், இணையவழியிலேயே வழக்கை நடத்தும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது, வழக்கை எதிர்ப்பது என்ற இரண்டு வழிகள் உண்டு. எதிர்த்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். நிறுத்தியது உண்மைதான் என்றால் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம். 500 ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை இழந்து நீதிமன்றப் படி ஏறுவதில் லாபமில்லை.

கட்டாமல் விட்ட சலான் தானாக மறைவதில்லை. வண்டியை விற்றுப் பெயர் மாற்றப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். பழைய வண்டி வாங்குகிறவர்களும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த எண்ணில் நிலுவை இருக்கிறதா என்று இதே தளத்தில் தேடிப் பார்க்க வேண்டும். வாங்கிய கையோடு ஆர்.சி.யைத் தம் பெயருக்கு மாற்றி, கைபேசி எண்ணையும் பதிவு செய்துகொள்ளாவிட்டால், நீங்கள் மண்டித் தெருவில் நிறுத்திய வண்டிக்கான குறுஞ்செய்தி பழைய உரிமையாளருக்குப் போய்க்கொண்டிருக்கும்.