பழைய கார் கடனா? மாதத் தவணையைக் கடைசியில் கேளுங்கள்

கிரெடிட் ஸ்கோர் குறைவாக இருந்து, பழைய கார் விற்பவரிடமே கடனும் வாங்குவதாக இருந்தால், முதலில் ரொக்க விலையை மட்டும் எழுதி வாங்குங்கள். தவணைப் பேச்சு அதற்குப் பிறகுதான். பின்னர் தவணையை மாதங்களால் பெருக்கி, முன்பணத்தையும் கூட்டி, ரொக்க விலையைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் கடனுக்காக நீங்கள் உண்மையில் கொடுக்கும் தொகை.

"மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிட்டால், வண்டி விலை, வட்டி, காப்பீடு, கட்டணங்கள் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் மறைந்துவிடும், மாதங்களைக் கூட்டினால் எந்த விலையும் கட்டுப்படியாகும் போலத் தெரியும். வட்டியையும் சொல்லும் விதத்தில் சிறிதாக்கலாம். 5 வருடக் கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் 'ஃப்ளாட்' வட்டி (அசல் குறைந்தாலும் கடைசி வரை முழுக் கடன் தொகைக்கும் போடும் வட்டி) என்றால், குறையும் அசலுக்குக் கணக்கிடும்போது அது ஆண்டுக்குச் சுமார் 20 சதவீதம். வங்கி சொல்லும் வட்டியோடு ஒப்பிட வேண்டியது இந்த 20-ஐத்தான், 12-ஐ அல்ல.

சில விற்பனையாளர்கள் தவணைக்கு மட்டுமே விற்பார்கள், ரொக்க விலையே சொல்ல மாட்டார்கள். அங்கே இந்தக் கழித்தல் நடக்காது. அதே மாடல், அதே வருடம், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய வண்டி வெளியில் என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள். கடனைச் சீக்கிரமே அடைக்கப் போகிறவருக்கும் மொத்தத் தொகை சரியான அளவுகோல் அல்ல. முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு, மீதி வட்டி தள்ளுபடி ஆகுமா என்பதை ஒப்பந்தத்திலேயே பார்த்துவிடுங்கள்.