வேலை கொடுத்தவர் வாடகைதாரரா? கட்டட உரிமையாளருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள்

கலிஃபோர்னியாவில் கடை, உணவகம் என்று உள்வேலை எடுத்துச் செய்பவர்களுக்கு ஒரு விஷயம். உங்களுக்கு வேலை கொடுத்தவர் அந்த இடத்தில் வாடகைக்கு இருப்பவர் என்றால், பிரிலிமினரி நோட்டீஸை (பணம் வராவிட்டால் லீன் போடும் உரிமையைக் காக்க முன்கூட்டியே கொடுக்கும் அறிவிப்பு) அவர் கையில் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். லீன், அதாவது வேலைக்கான பணம் வராதபோது அந்தச் சொத்தின் மீது பதிவு செய்யும் உரிமைக்கோரிக்கை, அவருடைய குத்தகை உரிமையோடு நின்றுபோனால், அவர் கடையைக் காலி செய்த அன்றே உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

கவுண்டி பதிவேட்டில் உரிமையாளர் யார் என்று பார்த்து (பெயர்ப்பலகையை நம்பாதீர்கள்), வேலை தொடங்கி 20 நாளுக்குள் அவருக்கும் சர்ட்டிஃபைடு மெயிலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமானக் கடன் கொடுத்த வங்கி இருந்தால் அதற்கும் ஒன்று. தாமதமானாலும் அனுப்புங்கள், அதற்கு முந்தைய 20 நாள் வேலையாவது கணக்கில் வரும்.

அப்புறம், வேலையிடத்தில் ஏதாவது தாள் ஒட்டியிருந்தால் பெயின்ட் அடிக்க வேண்டுமென்று கிழித்துவிடாமல் படியுங்கள். 'இந்த வேலைக்கு நான் பொறுப்பல்ல' என்று உரிமையாளர், வேலை நடப்பது தெரிந்த 10 நாளுக்குள் ஒட்டிப் பதிவும் செய்துவிட்டால், அவருடைய பங்கின் மீது லீன் பாய்வது கடினம். ஆனால் வாடகை ஒப்பந்தமே அந்த வேலையைச் செய்தாக வேண்டும் என்று சொன்னால், அந்தத் தாள் அவரைக் காப்பாற்றாமல் போகலாம். அதனால் ஒப்பந்தத்தின் நகலை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். பணம் நின்ற பிறகு கேட்டால் யார் தருவார்கள்?

லீன் பதிவு செய்தால் 90 நாளுக்குள் வழக்கும் போட வேண்டும், இல்லையென்றால் அது செல்லாது.